திங்கட்கிழமை எடுத்த ஈசிஜி

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று ரிப்பேர்காரர் சொன்னதும் ஈசிஜி அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மிஷின் நன்றாக இருக்கிறது என்றால் யாராக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளால் அது முடியவில்லை. திங்கட்கிழமை அந்த மிஷினில் படுத்து எழுந்துபோனவன் அவள் புருஷன்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஈசிஜி அக்காதான். பன்னிரண்டு வருஷமாக அதே அறை, அதே கட்டில், அதே பச்சைத் திரை. ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சாவது அவள் கையைத் தாண்டிப் போகும். பேப்பரில் பார்வை விழுந்த மாத்திரத்தில் எது சரி, எது கோணல் என்று சொல்லிவிடுவாள். புதிதாக வந்த டாக்டர்கள், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அவளிடம் காட்டிவிட்டுத்தான் பெரிய டாக்டரிடம் கொண்டுபோவார்கள். இதெல்லாம் சேர்ந்து அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உழைத்துச் சேர்த்த தலைக்கனம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இருக்கிறதே, அதைப் போல ஆளைக் கவிழ்க்கிற சாமான் வேறு கிடையாது.

நடந்தது இதுதான். அந்த மிஷினில் பேப்பரை இழுக்கிற மோட்டார் கெட்டுப்போய், ஒரு மாதமாகப் பேப்பர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடினால் அலைகள் எல்லாம் யாரோ பிடித்து இழுத்துவிட்ட மாதிரி நீளமாக விழும். திங்கட்கிழமை காலையில் ரிப்பேர்காரர் வந்து மோட்டாரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ரிப்பேர் முடிந்த மிஷினில் நோயாளியைப் படுக்கவைப்பதற்கு முன்னால், நல்ல திடமான ஆள் ஒருவரைப் படுக்கவைத்துச் சோதிப்பது அந்த அறையின் வழக்கம். அந்தப் பேப்பரில் பெயர் எழுத மாட்டார்கள், அது டாக்டரிடமும் போகாது. 'சோதனை' என்று மட்டும் எழுதி மிஷினோடு வைத்துவிடுவார்கள்.

அன்றைக்கென்று பார்த்து அவள் புருஷன் வந்து நின்றான். பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். கீழே மருந்துக்கடைக்குப் பெட்டி இறக்கிவிட்டு, பெண்டாட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறியிருந்தான். கையில் அந்தக் கறுப்பு டின், எனர்ஜி டிரிங்க். அவன் கையில் டின் இல்லாத நேரம் என்றால் தூங்குகிற நேரம்தான், அதுவும் இப்போதெல்லாம் எங்கே தூங்குகிறான்?

"சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க. மிஷினைப் பாக்கணும்" என்றாள்.

"பட்டப்பகல்ல, நாலு பேர் நடமாடற இடத்துல, என்ன பேச்சு இது" என்றான்.

"வாயை மூடிட்டுப் படுங்க."

சிரித்துக்கொண்டே படுத்தான். அவள் அவன் நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டிப் பொத்தானை அழுத்தினாள். பேப்பர் வந்தது. துடிப்பு தொடங்கும் இடத்திலிருந்து கடைசிச் சின்ன மேடு இறங்கி முடிகிற இடம்வரை பத்துச் சின்னக் கட்டம், கொஞ்சம் முன்னே பின்னே, அதற்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை, நீண்டுகொண்டு போயிருந்தது. ஒரு மாதமாக இழுபட்ட அலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அட, இன்னும் வேகமாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டாள். வேறு எவனாவது படுத்திருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருவனையும் படுக்கவைத்துப் பார்த்திருப்பாள். தன் புருஷன் நெஞ்சில் குறை இருக்கும் என்று எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தோன்றும்? 'பேப்பர் வேகமாக ஓடுகிறது' என்று ஒரு சீட்டு எழுதி, பேப்பரையும் சேர்த்துக் கட்டி, மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"என்ன, என் நெஞ்சுல ஏதாவதா?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான். கொஞ்சம் பயந்துதான் கேட்டான்.

"உங்க நெஞ்சுக்கு என்ன கேடு. மிஷின்தான் கோளாறு."

இப்போது வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. ரிப்பேர்காரர் அதே பேப்பரை மேசையில் விரித்து விரலை வைத்தார்.

"நான் டாக்டர் இல்லம்மா. ஆனா கட்டம் எண்ணத் தெரியும். தொடக்கத்துல அளவு சரியான்னு பாக்க மிஷின் தானாப் போடுதே பெட்டிக்கோடு, அது எத்தனை? அஞ்சு கட்டம். சுத்தமா அஞ்சு. பேப்பர் வேகமா ஓடியிருந்தா இதுவும்ல அகலமாயிருக்கணும்? மத்த இடமெல்லாம் அளவாத்தான் இருக்கு. இந்த ஒரு இடம் மட்டும் பதிமூணு கட்டம். மிஷின் உள்ளதை உள்ளபடி போட்டிருக்கு."

பயிற்சிக்கு வருகிற பெண்களிடம், 'முதல்ல பெட்டிக்கோட்டைப் பாருங்க, அப்புறம் மத்தது' என்று படித்துப் படித்துச் சொல்கிறவளே அவள்தான்.

"யாரும்மா இது?"

"தெரிஞ்சவங்க."

"அப்ப உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்காகக் கண்விழித்துவிட்டு, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று வருகிற பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு பேராவது அந்தக் கட்டிலில் படுக்கிறார்கள். என்னப்பா குடித்தாய் என்றால், தலையைக் குனிந்துகொண்டு இதே டின்னைத்தான் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேரைத் தண்ணீர் குடிக்கவைத்து, தூங்கச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சில பேருக்குப் பிறவியிலேயே, பத்துக் கட்டத்தில் அடங்க வேண்டிய அந்த இடைவெளி நீளமாக இருக்கும் என்று பெரிய டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். வெளியே ஒன்றும் தெரியாது, ஆள் கல்லுக்குண்டாட்டம் இருப்பான், பெரும்பாலும் ரத்தத்தில் வருகிற சமாசாரம். அப்படிப்பட்ட நெஞ்சில் தூக்கத்தையும் கெடுத்து, டின் டின்னாக இதையும் ஊற்றினால் அது இன்னும் நீளும். ஒருநாள் துடிப்பு தடம் புரண்டுவிடும். அப்புறம் கையில் இருப்பது சில நிமிஷம்தான்.

அடுக்கடுக்காக ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது அவன் விரல் நடுங்குவது, படுத்தால் புரண்டுகொண்டே கிடப்பது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்துவிழுவது. போன மாதம் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெறும் வயிற்றோடு சுற்றினால் தலை சுற்றாமல் என்ன செய்யும் என்று அவள்தான் திட்டினாள். ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்தவள், வீட்டில் இருந்ததைக் கோட்டைவிட்டுவிட்டாள்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? சரக்கு ஏற்றுகிற நேரத்தில் டிரைவர்கள் எல்லோரும் போனை ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கம்பெனிச் சட்டம். பேப்பரை மடித்து வெள்ளைக் கோட்டின் பையில் வைத்தாள். வரிசையில் இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்தாள்.

பார்சல் கம்பெனியின் கிடங்கு ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்டு, ஒரு தெரு நீளத்துக்கு இருந்தது. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. அதற்குள் வரிசை வரிசையாகக் கறுப்பு டின். கம்பெனியே வாங்கி வைத்தது. ஒரு நாளைக்கு நான்கு சுற்று ஓட்ட வேண்டும். அதற்கு மேல் ஓட்டுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டின் இலவசம். யாரையும் குடி என்று சொன்னதில்லை, கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். கடைசியில் டிரைவர்கள் சுற்றைச் சுற்றாகவே எண்ணுவதில்லை, 'இன்னிக்கு எத்தனை டின்' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அதிக டின் அடிக்கிறவன் பெயர் பலகையில் ஏறும். அவள் புருஷன் பெயர் அதில் 'மின்னல்' என்று இருந்தது. நான்கு நாளாக முதல் இடம்.

அவன் வேன் படியில் உட்கார்ந்திருந்தான். சுற்றி ஐந்தாறு பேர். அவன் தம்பியும் அங்கேதான் வேன் ஓட்டுகிறான். அண்ணி வருவதைப் பார்த்து முதலில் எழுந்தவன் அவன்தான்.

"வாங்க அண்ணி, என்ன இந்நேரத்துல?"

"டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா" என்றான் இன்னொருவன். "மின்னலு, சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு விளங்கவில்லை. "என்ன சர்டிபிகேட்?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்க குடுத்ததுதான். 'எனக்கு ஈசிஜி எடுத்தா, மிஷின்தான் கெட்டுப்போச்சு, நெஞ்சு கெடலேன்னு என் பெண்டாட்டியே எழுதிக் குடுத்துட்டா'ன்னு நாலு நாளா இதே பேச்சு. அதைச் சொல்லிச் சொல்லியே டின்னை ஏத்தறான். நேத்து மட்டும் ஏழு."

தான் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இந்த ஆட்டம் ஆடியிருக்கிறான். அப்போதே சொல்லியிருக்கலாம். 'நான் தப்பாப் பாத்துட்டேன், உங்க நெஞ்சுலதான் கோளாறு' என்று ஒரே ஒரு வாக்கியம். ஐந்தாறு ஆண்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். புருஷன் பெருமையாக அவளையே பார்க்கிறான். பன்னிரண்டு வருஷம் ஒரு பேப்பரைக்கூடத் தப்பாகச் சொல்லாதவள் என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறவன்.

"மிஷின் ரெடியாயிடுச்சு. இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம், வாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மாவாம். மனுஷிக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் நம்மில் யார் நாலு பேர் முன்னால் தன் தொழிலில் தப்பு செய்தேன் என்று சட்டென்று ஒப்புக்கொண்டோம்?

"சும்மாதானே, அதுக்கு இப்பவே ஏன் வரணும்? ரெண்டு மணிக்கு உங்க ஆஸ்பத்திரிக்கே லோடு இருக்கு. இறக்கிட்டு வந்து நீ சொல்ற கட்டில்ல படுத்துக்கறேன்."

"இப்பவே வந்தா என்ன?"

"வண்டி முழுக்கச் சரக்கு ஏத்தியாச்சு. விட்டுட்டு வரச் சொல்றியா?" அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஏன், ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லு."

கேட்டானே, அவனாகவே கேட்டானே. அவள் கோட்டுப் பையில் கைவைத்தாள். மடித்த பேப்பர் விரலில் பட்டது. "ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கருமத்தை இனிமே குடிக்காதீங்க" என்றாள்.

"இது பாதிதான் இருக்கு. கொட்டவா முடியும்?" ஒரே மூச்சில் குடித்துவிட்டு டின்னை நசுக்கிக் கூடையில் எறிந்தான். வேனில் ஏறும்போது சாவி துவாரத்தில் நுழையாமல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை நுழைந்தது. ரெண்டு மணிக்கு என்று விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் அவள் அறை வாசலில் கூட்டம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், ஒட்டினாள், எடுத்தாள், கொடுத்தாள். ரெண்டு மணிக்கு வந்துவிடுவான், தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொள்ளலாம், திட்டினால் திட்டட்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். பெரிய டாக்டரிடம் நேரமும் கேட்டு வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

ஒன்று ஐம்பதுக்கு அவசரப் பிரிவிலிருந்து ஆள் ஓடிவந்தான். "அக்கா, மிஷினோட வாங்க. சிக்னல்ல வேன் நின்னது நின்னபடியே நின்னுதாம். பின்னாடி ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போய் எட்டிப் பாத்தா, டிரைவர் ஸ்டியரிங் மேல கிடந்தாராம்."

அவள் மிஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அது யார் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், வேறு டிரைவராக இருக்கட்டும், வேறு எவள் புருஷனாகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக அவளை யாரும் ஏசிவிட முடியாது.

கட்டிலைச் சுற்றி ஆட்கள். திரைக்குக் கீழே அவன் செருப்பு தெரிந்தது. இளம் டாக்டர் பெண் ஒருத்தி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள், இன்னொருவர் கரண்ட் கொடுத்தார், மறுபடி அழுத்தினார்கள். நாற்பது நிமிஷம் விடாமல் போராடினார்கள். வழியிலேயே ரொம்ப நேரம் போய்விட்டது என்று ஒருவர் மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார். கடைசியாக ஒரு ஈசிஜி எடுத்து வைக்க வேண்டும், அது ஆஸ்பத்திரி விதி. இளம் டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, எடுத்துடுங்க" என்றாள். அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாது, பாவம். ஈசிஜி அக்கா எடுத்தாள். கோடு நேராக ஓடியது. பெயர் எழுதுகிற இடத்தில் பெயரை எழுதினாள், நேரத்தையும் எழுதினாள். அக்காவின் பேட்ஜில் அவள் பெயரோடு சேர்ந்திருக்கும் அதே பெயரைப் பேப்பரில் படித்த பிறகுதான் டாக்டருக்கு விஷயம் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அந்த டாக்டர்தான், இவளுக்கு அழுகை வரவில்லை.

நான்கு மணிக்கு மாமியாரும் கொழுந்தனும் வந்துவிட்டார்கள். ஈசிஜி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கத்தி ஓய்ந்து, இப்போது மருமகளை அணைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இளம் டாக்டர் வந்து குனிந்து கேட்டாள். "அக்கா, கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கு. இவருக்கு முன்னாடி எப்பவாவது ஈசிஜி எடுத்தது உண்டா?"

கோட்டுப் பையில் பேப்பர் இருந்தது. அதில் பெயர் இல்லை. அது யாருடையது என்று ரிப்பேர்காரருக்கே தெரியாது. அந்த சர்டிபிகேட் பேச்சைக் கேட்டிருந்த கொழுந்தனோ சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடந்தான்.

"இல்ல டாக்டர்" என்றாள்.

"அப்ப யாரு என்ன செஞ்சிருக்க முடியும். முன்கூட்டியே தெரிய வழியில்லை." டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"நீ என்னடியம்மா பண்ணுவ" என்றார் மாமியார். முதுகில் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. "அவங்க அப்பனும் இப்படித்தான். நாப்பதுகூட ஆகல. பேசிக்கிட்டே இருந்த மனுஷன் பேச்சை நிறுத்தினான், அவ்வளவுதான். அப்பனை மாதிரியே போய்ட்டான். நீயே ஆஸ்பத்திரியில இருந்தும் உன்னால ஒண்ணும் செய்ய முடியல. உன் மேல என்ன தப்பு."

ஈசிஜி அக்கா நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, மாமனார் விபத்தில் போனார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ரத்தத்தில் வருகிற சமாசாரம். அப்பனுக்கு இருந்தது, பெரியவனுக்கு இருந்தது. அவள் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள்.

காலையிலிருந்து ஐந்து சுற்று ஓட்டியவன், அப்படியே ஓடிவந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து, தலை நிற்காமல் சரிந்தது. இன்னும் போலீஸ், கையெழுத்து, உடலை வாங்குவது என்று எவ்வளவோ அலைச்சல் பாக்கி இருந்தது. அத்தனைக்கும் அவன் ஒருவன்தான் ஓட வேண்டும். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு டின்னை எடுத்து, விரலை வளையத்தில் மாட்டினான்.

"அதைக் கீழ வை" என்றாள்.

"இல்ல அண்ணி, கண்ணைச் சுத்துது. இது இல்லேன்னா விழுந்துடுவேன்."

"கீழ வைன்னேன்."

அவள் குரலைக் கேட்டு வராந்தாவில் போனவர்கள் நின்று திரும்பினார்கள். கொழுந்தன் டின்னைத் தரையில் வைத்தான். அவள் பையிலிருந்த பேப்பரை எடுத்துப் பிரித்தாள்.

"டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன் அத்தை. இது அவருக்குத் திங்கக்கிழமை எடுத்தது. நான்தான் எடுத்தேன். இந்தக் கோளாறு அன்னிக்கே இதுல இருந்தது. நான் சரியாப் பாக்காம மிஷின் மேல பழியைப் போட்டேன். இன்னிக்குக் காலையில தெரிஞ்சும்கூட, நாலு பேர் முன்னாடி சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ஒண்ணுமில்லேன்னு அவரை வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். அவர் கேட்டாரு அத்தை. 'இருந்தா சொல்லு'ன்னு கேட்டாரு."

முதுகிலிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு விலகியது. மாமியார் பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அவள் கொழுந்தன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "சட்டையைக் கழட்டிட்டுப் படு தம்பி" என்றாள். அவன் மறுபேச்சு பேசாமல் படுத்தான். நெஞ்சில் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கும்போது திரை விலகியது. மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இவனையாவது ஒழுங்காப் பாரு" என்றார்.